பம்பரமும் பெயர் போடாத டிஸ்க்கும்

பல்லைத் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறாள். வாய் நிறைய நுரை. இடது உள்ளங்கையில் மடிக்கணினி, பரிமாறப் போகிறவள் தட்டை ஏந்துவது போல. வாய் கொப்பளிக்கத் தொட்டிவரை போவாள். போகிற வழியில் திரையில் எதையாவது பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவாள். நுரை காய்ந்து மோவாயில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு நான் கதவைத் திறந்து உள்ளே வரும்போது பெரும்பாலும் இந்தக் கோலம்தான்.

"வாங்க நர்சம்மா. அக்கா முழிச்சாச்சு. திட்டவும் ஆரம்பிச்சாச்சு."

அக்காவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். ஐம்பத்தெட்டு வயது. குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஆறாவது வாரம். முப்பது வருடம் சலவைக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று துணி வாங்கிக் கொடுத்தவர். படுக்கையில் கிடக்கப் பிறந்தவர் இல்லை. கால் அசையாததால் நாக்கு இரண்டு மடங்கு அசைகிறது. தங்கைக்கு நாற்பத்தேழு. வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். தங்கைக்கு அக்கா வைத்திருக்கும் பெயர் பம்பரம். "கயிறே வேண்டாம், தானா சுத்தும்" என்பார்.

சரியான பெயர். நான் மூன்றாவது நாளே கவனித்துவிட்டேன்: இவள் உட்கார்ந்து யோசிக்க மாட்டாள். கூடத்தின் ஜன்னலிலிருந்து சமையலறைத் தொட்டிவரை எட்டு வைத்தால் பதினான்கு. அதில் போய்ப் போய் வருவாள். போகும்போது கைக்கு எட்டிய அலமாரிக் கதவைத் திறப்பாள், வரும்போது சாத்துவாள். உள்ளே எதையும் எடுப்பதில்லை. பச்சைக் கேரட்டைக் கடித்துக்கொண்டு நடப்பாள்; கேரட் தீர்ந்தால் பேனா மூடி. காப்பியை மூன்று கோப்பைகளில் மூன்று இடத்தில் வைத்துவிட்டு நான்காவது கலக்கப் போவாள். மாலையில் கணுக்கால் வீங்கியிருக்கும். "உட்காரும்மா, காலைத் தூக்கி வை" என்றால், "இதோ நர்சம்மா" என்று சொல்லி அடுத்த நடைக்குக் கிளம்புவாள். இத்தனை வாரத்தில் அந்த "இதோ" வந்து சேரவில்லை.

கணினியோடு பேசுவாள். மெதுவாக இல்லை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. "நில்லு. எங்க போற? நான் சொன்னது என்ன, நீ செய்யறது என்ன?" முதல் நாள் அக்காவைத்தான் அதட்டுகிறாளோ என்று அறைக்குள் ஓடி வந்தேன். அக்கா சிரித்தார். "என்னை அப்படிப் பேச அவளுக்கு தைரியம் ஏது? மெஷினைத்தான்."

என்ன வேலை பார்க்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. கணினியில் எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற டிஸ்க் இருக்கிறதல்லவா, அது எவ்வளவு வேகமாக எழுதுகிறது, எவ்வளவு வேகமாகப் படிக்கிறது என்று அளந்து சொல்லும் ஒரு மென்பொருளை இவளுடைய அலுவலகம் செய்கிறது. பழைய டிஸ்க் தளர்ந்துவிட்டதா, புதிய டிஸ்க் சொன்ன வேகத்துக்கு ஓடுகிறதா என்று பார்க்க ஊர் ஊராக அதை வாங்கி வைத்திருக்கிறார்கள். "அதாவது இதய நோயாளியை ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்ப்பது மாதிரி" என்றேன். நின்றாள். "நர்சம்மா, பதினோரு வருஷமா எங்க மாமாவுக்கு இதைப் புரிய வைக்க முடியாம திண்டாடறேன். நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தாள்.

இந்த மென்பொருளுக்குப் படம் இல்லை, பொத்தான் இல்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்ட வேண்டும். எந்த டிஸ்க், என்ன பெயர், படிக்க மட்டுமா, எத்தனை நிமிடம், எல்லாம் அந்த ஒரு வரிக்குள். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் இரண்டு சிறு கோடு போட்டால் அது ஆணை என்று புரிந்துகொள்ளும். டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதுகிற ஒற்றை வரியை நாங்கள் படித்துச் செய்வதைப் போல, அந்த வரியை இடமிருந்து வலமாகப் படித்து, இது ஆணை, இது அதற்கான பதில் என்று பிரித்துக் கொடுப்பது ஒரு தனிப் பகுதி. அந்தப் பகுதிதான் பம்பரத்தின் பொறுப்பு.

அதில் ஒரு ஆணை மட்டும் ஆபத்தானது. அது வரியில் இருந்தால் ஆபத்து இல்லை, இல்லாமல் போனால்தான் ஆபத்து. டிஸ்க்கை எழுதிப் பார்த்துச் சோதித்தால் அதிலே ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிந்துவிடும். காலி டிஸ்க் என்றால் பரவாயில்லை. சரக்கு இருக்கிற டிஸ்க் என்றால் 'படிக்க மட்டும்' என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுதியும் பார்க்கும்.

சோதனைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்பது அந்த மென்பொருளின் வழக்கம். இவள் வைக்கும் பெயர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அன்றன்றைக்கு எது எரிச்சலோ அதுதான் பெயர். 'பல்வலி', 'லிஃப்ட்-மறுபடி-ரிப்பேர்', 'அக்கா-கத்தல்-3'. ஒரு நாளைக்கு முப்பது சோதனை ஓட்டினாலும் முப்பதுக்கும் பெயர் இருக்கும். பெயர் இல்லாமல் ஒன்றைக்கூட ஓட்ட மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. எங்கோ ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே படங்களைப் பாதுகாக்கும் பெண் எழுதியது. நடந்துகொண்டே அக்காவுக்கும் எனக்கும் படித்துக் காட்டினாள். கதவுக்கு அந்தப் பக்கம் போகும்போது பாதி வரி காதில் விழாது. திரும்பி வரும்போது மீதி.

நாலு மாதப் படங்கள் இருந்த டிஸ்க். மெதுவாக ஓடுகிறது என்று அந்தப் பெண் இந்த மென்பொருளால் சோதித்திருக்கிறாள். படிக்க மட்டும் என்று சொல்லித்தான் ஓட்டினாள். ஆனால் டிஸ்க்கின் முன்பாதி முழுவதும் அழிந்துவிட்டது. எலும்பு முறிவு, நுரையீரல், புற்றுநோய் தொடர் சிகிச்சை, எத்தனையோ பேருடைய படங்கள். கவனக்குறைவு என்று அவள்மேல் எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. வேலை போவது ஏறக்குறைய முடிவான விஷயம்.

கடைசி வரியை நின்று படித்தாள். "'நான் செஞ்சது இதுதான். இதுல என் தப்பு எதுன்னு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டுப் போறேன். வேற எதுவும் கேக்கல.'"

"பாவம்டி" என்றார் அக்கா.

"பாவம் எல்லாம் அப்புறம். ஆணை கொடுத்திருக்கா. அது செய்யல. எப்படிச் செய்யாம போகும்?"

அன்று தொடங்கிய நடை மூன்று நாள் நிற்கவில்லை.

அந்தப் பெண் வரியை முழுதாகக் கையால் தட்டவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த யாரோ கணினியிலேயே ஒரு சின்னக் கேள்விப் பட்டியல் எழுதிவைத்துப் போயிருக்கிறார். எந்த டிஸ்க் என்று அது கேட்கும், என்ன பெயர் என்று கேட்கும், எத்தனை நிமிடம் என்று கேட்கும். பதில்களைக் கோத்து அதுவே வரியைத் தயாரித்து ஓட்டிவிடும். 'படிக்க மட்டும்' என்பது அந்தக் கோவையில் நிரந்தரமாக, பெயருக்கு அடுத்தபடியாக இருந்தது. அந்தப் பட்டியலையும் அந்தப் பெண் அனுப்பியிருந்தாள். சோதனை முடிந்ததும் வந்த அறிக்கையைக் கைப்பேசியில் படம் எடுத்து, அதையும் அனுப்பியிருந்தாள். ஒழுங்கான பெண். எங்கள் தொழிலுக்கு வந்திருந்தால் நான் சந்தோஷமாக ஷிப்டை ஒப்படைத்துவிட்டுப் போவேன்.

பம்பரம் அதே கேள்விப் பட்டியலை இங்கே ஓட்டினாள். அழிந்தாலும் கவலை இல்லாத ஒரு பழைய டிஸ்க்கைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒயர் மாட்டி, திரும்பத் திரும்ப. டிஸ்க் எது, போட்டாள். பெயர், 'செவ்வாய்-தலைவலி'. நிமிடம், பத்து. ஒன்றும் ஆகவில்லை. படித்தது, எழுதவில்லை. 'செவ்வாய்-தலைவலி-2'. எழுதவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் இதே. பழைய பதிப்பில் ஓட்டினாள், புதிய பதிப்பில் ஓட்டினாள். வேறு கணினியைக் கொண்டுவந்து அதில் ஓட்டினாள். அது சொன்ன பேச்சைத் தட்டவே இல்லை. "பாரு, நல்ல பிள்ளை மாதிரி நடிக்குது" என்று மேசையைத் தட்டினாள்.

அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கேட்டாள்: வேறு ஏதாவது தட்டினீர்களா? பதில் உடனே வந்தது. "கேட்டதுக்குத்தான் பதில் போட்டேன். டிஸ்க் எதுன்னு கேட்டுது, போட்டேன். எத்தனை நிமிஷம்னு கேட்டுது, பத்துன்னு போட்டேன். வேற எதையும் தொடல."

"பொய் சொல்றாளோ?" என்றார் அக்கா.

"பொய் சொல்றவ அறிக்கையை போட்டோ எடுத்து அனுப்புவாளா?"

"கடையில சாயம் போன துணியைக் கொண்டுவந்து நீட்டி, நான் குடுக்கும்போது புதுசுன்னு சத்தியம் பண்றவங்களை நான் பாத்திருக்கேன்."

"நீ பாத்தது துணி. கொஞ்சம் சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். காலைக் கட்டிப் போட்டிருக்கே, பாக்கல?"

புதன் சாயங்காலம் அவளுடைய டீம் லீடர் கூப்பிட்டார். இவளைவிட எட்டு வயது சின்னவர், பேச்சில் மட்டும் மரியாதைக்குக் குறைவில்லை. நடப்பவள் போனைக் காதில் வைத்துக்கொள்ள மாட்டாள், ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவாள். அதனால் வீட்டுக்கே கேட்டது. "மேடம், ரெண்டு நாள் ஆச்சு. நாம ஓட்டும்போது அந்தக் கோளாறு வரலைன்னா அது அவங்க பக்கத்துத் தப்புதான். அப்படியே எழுதி முடிச்சிடுங்க." "நாளைக்கு ஒரு நாள் குடுங்க" என்று இவள் தொட்டிப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு அக்காவுக்குக் கால் பயிற்சி. குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி முழங்காலை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும், பத்து முறை. வலிக்கும். ஐந்தாவதில் திட்டத் தொடங்கி, ஏழாவதில் என் வம்சத்தை எட்டிவிடுவார். அவர் கவனத்தைத் திருப்ப யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குச் சுலபம்.

"எம்மா, ஏதாவது படிச்சுக் காட்டு" என்றேன்.

"என்கிட்ட என்ன இருக்கு நர்சம்மா? இந்த அறிக்கைதான் இருக்கு."

"அதையே படி" என்றார் அக்கா, பல்லைக் கடித்தபடி. "தாலாட்டா கேட்டுக்கறேன்."

அறைக் கதவு நிலையில் சாய்ந்து, ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டு படித்தாள். "எழுதிய அளவு, நூத்து எண்பத்திரண்டு. படிச்ச அளவு—"

"இரு இரு. யார் பேர்ல இருக்கு?"

"என்னது யார் பேர்ல?"

"பில்லுன்னா மேல பேர் இருக்கும்ல. பேர்லேருந்து படி. பேரைச் சொல்லாம சட்டை எத்தனை, பேண்ட் எத்தனைன்னா யாருதுன்னு நான் கண்டேன்?"

"அக்கா, இது உன் சலவை பில் இல்ல. அது சும்மா சோதனைக்கு வைக்கிற பேர். அதுல ஒண்ணும்—" என்று சொல்லிக்கொண்டே, அக்காவின் வாயை அடைப்பதற்காகப் படத்தை விரலால் மேலே தள்ளினாள். "பெயர்…"

அக்காவின் குதிகாலைப் பிடித்தபடி நான் நிமிர்ந்து பார்த்தேன். சொறிந்த கால் பாதியில் நின்றிருந்தது, கொக்கு மாதிரி.

"என்னடி? யார் பேரு?"

"படிக்க மட்டும்" என்றாள்.

"அப்படி ஒரு பேரா?"

"ரெண்டு கோடும் சேர்ந்தே இருக்கு அக்கா. அதுதான் பேர்னு எழுதியிருக்கு."

மேசைக்கு ஓடினாள். நானும் பயிற்சியை முடித்து, கால்களுக்கு நடுவில் தலையணையை வைத்துவிட்டு, எட்டிப் பார்த்தேன். கேள்விப் பட்டியலை ஓட்டினாள். டிஸ்க் எது, போட்டாள். பெயர் என்ன என்று கேட்டது. விரல்கள் பழக்கத்தில் எதையோ தட்டப் போயின. இழுத்துக்கொண்டாள். ஒன்றும் தட்டாமல், வெறுமனே அடுத்ததுக்குப் போனாள். நிமிடம், ஒன்று. மேசையிலிருந்த பழைய டிஸ்க்கில் விளக்கு மினுக்கியது. ஒரு நிமிடத்தில் அறிக்கை வந்தது. எழுதியிருந்தது. டிஸ்க்கின் முன்பகுதி காலி.

நடந்தது இவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியில் டிஸ்க்கின் பெயரையே சோதனைக்கும் போடுவார்களாம்; இந்த டிஸ்க்குக்கு நாலு மாதமாகியும் பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை. அதனால் அந்தப் பெண் பெயரைக் காலியாக விட்டுவிட்டாள். விட்டதைச் செய்ததாக யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் கடிதத்திலும் சொல்லவில்லை. மென்பொருளோ, பெயர் என்ற ஆணைக்கு அடுத்தபடி எது வந்தாலும் அதுதான் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது. அடுத்து வந்தது 'படிக்க மட்டும்'. அதைப் பெயராக விழுங்கிவிட்டது. விழுங்கியபின் ஆணை இல்லை. ஆணை இல்லையென்றால் எழுதும். மூன்று நாளாக இவளுக்கு அது அகப்படாததற்குக் காரணம், பெயர் வைக்காமல் ஒரு சோதனையைக்கூட இவளால் ஓட்ட முடியாது என்பதுதான்.

"கண்டுபிடிச்சிட்டியா? அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று அக்கா அறையிலிருந்து கேட்டார்.

இவள் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தாள். இந்த மென்பொருளில் யார், எந்த நாள், எந்த வரியை மாற்றினார்கள் என்பதெல்லாம் பதிவாகி இருக்குமாம். ஆறு வருடம் அங்கே ஒரு காவல் இருந்திருக்கிறது: கோட்டில் தொடங்கும் சொல் பெயராகவோ வேறெந்தப் பதிலாகவோ வந்தால், 'பதில் எங்கே?' என்று கேட்டு நின்றுவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், வேறொரு ஆணைக்கு மைனஸ் ஒன்று என்று பதில் கொடுத்தால் ஏற்க மாட்டேன் என்கிறது, அதன் முன்னாலும் கோடு இருக்கிறதே என்று புகார் செய்தார். அந்தக் காவலை அன்றே எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: 'தொல்லை. எடுத்தாச்சு.'

"யார் அந்தப் புத்திசாலி?" என்றேன்.

"நான்தான் நர்சம்மா."

சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள். ஆனால் இது வேறு நடை. அலமாரியைத் தொடவில்லை. வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும்போது மற்றவர்கள் நடப்பார்களே, அப்படி.

இரண்டு மணிக்கு டீம் லீடர் கூப்பிட்டார். சொன்னாள். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது, நிம்மதியில். "அப்பாடா. அப்ப அவங்க பேர் போடாம விட்டிருக்காங்க. கையேட்டுல பேர் கட்டாயம்னு தெளிவா இருக்கு மேடம். அவங்க தப்பு. அடுத்த பதிப்புல நாம சரி பண்ணிக்கலாம்."

"பேர் போடாம விடறது தப்புதான். அதுக்கு நாலு மாச எக்ஸ்ரேவை அழிக்கறது தண்டனையா?"

"நான் அப்படிச் சொல்லல. எழுதும்போது கொஞ்சம் பொதுவா எழுதுங்க. 'எதிர்பாராத உள்ளீடு' அப்படின்னு. நம்ம தப்புன்னு எழுதினா அந்த ஆஸ்பத்திரி நம்ம மேல பாயும். உங்க பேர் வேற அடிபடும். இந்த மாசம் உங்களை மேல தூக்கிவிடறதுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கேன். நினைச்சுப் பாருங்க."

"எதிர்பாராததுன்னு எப்படி எழுதறது? எதிர்பார்த்துத்தான் அங்க காவல் வச்சிருந்தது. நான்தான் எடுத்தேன்."

"மேடம்—"

"அந்தப் பொண்ணு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கா."

"நாளைக்கு காலையில பேசலாம்."

"நாளைக்கு பத்து மணிக்கு அவளுக்கு விசாரணை."

"உங்க இஷ்டம். நான் இந்தப் போனைப் பேசல" என்று வைத்துவிட்டார்.

கடிதம் எழுத இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. நின்றபடி தட்டுவாள், நடப்பாள், திரும்பி வந்து அழிப்பாள். முதலில் எழுதியது ஒரு பக்கம். அதைப் படித்துக் காட்டினாள். எனக்குப் பாதிக்குமேல் புரியவில்லை. புரியாமல் இருக்கத்தான் எழுதியிருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. நோயாளி கையிலிருந்து நழுவியபோது 'நோயாளி தரையில் காணப்பட்டார்' என்று எழுதுகிறவர்களை நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. "என்னடி இது, தலையும் இல்ல காலும் இல்ல? உன் தப்புன்னு சொல்ல உனக்கு எத்தனை பக்கம் வேணும்?"

"உனக்கென்ன, படுத்துக்கிட்டுச் சொல்லுவே."

"படுத்துக்கிட்டுச் சொல்லக் கூடாதுன்னா எழுப்பி நிக்க வை, நின்னுக்கிட்டுச் சொல்றேன். ஒரு தடவை இஸ்திரி போடறப்ப ஒரு ஆளோட புதுக் கோட்டைக் கருக்கிட்டேன், ஞாபகம் இருக்கா? கருகின பக்கம் உள்ள போற மாதிரி நல்லா மடிச்சு, காகிதம் சுத்திக் குடுத்தேன். அந்த ஆளு வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாத்துட்டுத் திரும்பி வந்தான். கத்தல. அதுக்கப்புறம் துணி குடுக்கும்போதெல்லாம் என் எதிர்ல ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டிட்டுத்தான் குடுப்பான். வாங்கும்போதும் விரிச்சுத்தான் வாங்குவான். ஒம்பது வருஷம்."

"சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். எனக்கு ஞாபகம் வந்துது, சொன்னேன். தண்ணி குடு."

தண்ணீர் கொடுத்தாள். அந்த ஒரு பக்கத்தை அழித்தாள். நாலேகால் மணிக்கு அனுப்பியதில் எட்டு வரிதான் இருந்தது. நீங்கள் ஆணையைச் சரியாகத்தான் கொடுத்தீர்கள். பெயரைக் காலியாக விட்டால் எங்கள் மென்பொருள் அந்த ஆணையை விழுங்கிவிடுகிறது. அதைத் தடுக்கும் சோதனையை இரண்டு வருடம் முன்பு எடுத்தது நான். உங்கள் அறிக்கையின் முதல் வரியே இதற்குச் சாட்சி. டிஸ்க்கின் பின்பாதியைத் தொடாதீர்கள், அதிலுள்ள படங்களை மீட்கலாம், மீட்கும் வழியை இணைத்திருக்கிறேன். முன்பாதியை மீட்க முடியாது. விசாரணையில் என்னைக் கேட்க வேண்டுமானால் இது என் கைப்பேசி எண். கீழே அவள் முழுப்பெயர். அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி, டீம் லீடருக்கும் ஒரு பிரதி.

அதற்குப் பிறகு அந்தக் காவலைத் திரும்ப எழுதினாள், மைனஸ் ஒன்றும் உள்ளே வரலாம், ஆணை பெயராக வரக்கூடாது என்று. ஆறு மணிக்கு நான் கிளம்பும்வரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக, ஒவ்வொரு சோதனையிலும் பெயரைக் காலியாகவே விட்டாள். விடும்போதெல்லாம் முகம் சுளித்தது, கசப்பு மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்குகிறவளைப் போல.

வெள்ளிக்கிழமை நான் போனபோது கூடத்து மேசையில் இரண்டு தாள் அச்சடித்து வைத்திருந்தாள். வட்டம், அம்பு, ஒன்று இரண்டு மூன்று என்று எண். யாராவது கூப்பிட்டுக் கேட்டால் படித்துச் சொல்ல. டீம் லீடரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்ணிடமிருந்தும் இல்லை. ஒன்பதரைக்கு அக்காவுக்குப் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிட்டேன். பத்துக்கு முன்பே வாக்கரைப் பிடிக்க வைத்து, படுக்கையிலிருந்து கூடத்து நாற்காலிவரை நடத்தினேன். முதல் தடவையாக அறையைவிட்டு வெளியே. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு வசவு. பம்பரம் நாங்கள் வரும் வழியிலேயே குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தாள்.

"தள்ளுடி, ஒரு ஆளாவது ஒழுங்கா நடக்கட்டும்" என்றார் அக்கா.

பத்தேகால். பத்து இருபது. உயரம் கூட்டிய நாற்காலியில் அக்காவை உட்கார வைத்து, இடுப்பு மடங்காமல் முதுகுக்குத் திண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத எண். இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டாள். பழக்கப்படி ஸ்பீக்கர்.

"நேத்து லெட்டர் அனுப்பினது நீங்கதானே? நாங்க ஆஸ்பத்திரி நிர்வாகத்துலேருந்து பேசறோம். இங்க ஏழு பேர் இருக்கோம், எல்லாருக்கும் கேக்குது. அந்தப் பொண்ணும் இங்கதான் இருக்காங்க."

"சொல்லுங்க சார்."

"லெட்டர் படிச்சோம். ஆனா எங்களுக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் அவ்வளவா புரியாது. என்ன நடந்துதுன்னு நீங்களே சொல்லுங்க. தப்பு யாருதுன்னு நாங்க தெரிஞ்சுக்கணும்."

அக்கா திண்டைக்கூடச் சரிசெய்ய விடவில்லை, என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

பம்பரம் மேசையிலிருந்த இரண்டு தாளையும் எடுத்தாள். அம்பு, வட்டம், எண் எல்லாவற்றையும் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு அவற்றை முகம் கீழாகக் கவிழ்த்து, மேலே தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.